நெல்மணி அளவு துவாரம்

சென்ற வருடம் வைகாசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், திருகோணமலை நகரத்துக்குள் ஒரு கராஜின் சீமெந்துத் தரையில் குந்தியிருந்து கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மொறிஸ் மைனர் காருடைய எஞ்சின் புளொக், பிஸ்டனும் கிராங்கும் கழற்றப்பட்ட வெறும் இரும்புக் கூடாக, மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், புஷ் எனப்படும் மூன்று உலோக வளையங்களுக்குள் சுழலும். அவற்றில் முன்புறத்துப் புஷ்ஷை மெக்கானிக் அப்போதுதான் அடித்து இறக்கியிருந்தார். புஷ்ஷில் எண்ணெய்க்காக ஒரு துளை இருக்கும்; அதற்கு நேரே புளொக்கிலும் ஒரு துளை இருக்கும். இரண்டும் பொருந்தி நின்றால் உள்ளே முழு வட்டமாக இருட்டுத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ வட்டத்தின் பெரும்பகுதி பளபளக்கும் இரும்பு. ஓரத்தில் மட்டும் ஒரு நெல்மணி அளவு இருட்டு.

"துளை நேராக நிற்கவில்லைப்போல் இருக்கிறதே?" என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்தார் என்பதை நான் ஒளிக்கக் கூடாது. "அது போதும் ரீச்சர். எண்ணெய் தன் வழியைத் தேடிக்கொள்ளும்" என்றார். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. குடித்தேன். நடுப் புஷ்ஷை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து இந்தப் பதிவை எழுதும்வரை அந்த நெல்மணி என்னை விட்டுப் போகவில்லை. எஞ்சின் பழுதானதும் பிறகு சரியானதும் சாதாரண விஷயம், யாருக்கும் நடக்கும். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். நுண்மானித் திருகுக் கணிச்சி என்ற அளவுகருவியின் பூச்சிய வழுவை, அதாவது பூச்சியத்திலேயே அது காட்டும் பிழையை, பார்க்காமல் வாசிப்பு எடுக்கும் பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனாவால் நீளக் கோடு இழுக்கிறவள். கண்ணுக்கு முன்னால் இருந்த வழுவைக் கண்டும் தேநீர் குடித்த அந்த ஐந்து நிமிடத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

காரைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் வளர்ந்த எவருக்கும் மைனரைத் தெரியும். யாரோ ஒரு மாமாவிடம் அது இருந்திருக்கும். எங்களுடையது 1098 சிசி எஞ்சின், 1962க்குப் பிறகு வந்த வகை. நீர்ப்பாசன ஓவர்சியராக இருந்த அப்பா அதில்தான் கந்தளாய்க்கும் அல்லைக்கும் போய்வந்தார். தொண்ணூறில், யுத்தத்தின்போது, நாங்கள் உவர்மலை வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டபோது அது செங்கல் மேல் நின்றது. திரும்பி வந்தபோதும் நின்றது, ரயர்கள் இல்லாமல். அப்பா அதைத் திருத்தி ஓடினார், மறுபடி நிறுத்தினார், பிறகு அவரும் போய்விட்டார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, மழையில் கோழி அடைகாத்த கார்களுக்கெல்லாம் விலை வந்தது; எங்கள் வீட்டுக்கும் தரகர்கள் வந்தார்கள். விற்கவில்லை. அப்பாவின் மூன்றாவது திவசத்தன்று அதை வாசலில் ஓடவைத்துக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இந்த அவசரம் பின்னால் வரும் கதைக்கு முக்கியம்.

தேயாத சாமான்

பழைய எஞ்சின் திருத்துகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கேம் புஷ் தேயாது, அதைத் தொடாதே. இது முழுப் பொய்யும் அல்ல. பிஸ்டன்கள் சுழலவைக்கும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். பிஸ்டனின் அடியை அது வாங்குவதில்லை. பெரும்பாலும் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தம்தான். அதனால் கிராங்கின் பெயரிங்குகளை இரண்டு முறை மாற்றிய எஞ்சினில்கூடத் தொழிற்சாலையில் போட்ட கேம் புஷ் அப்படியே இருக்கும். இதே குடும்பத்தின் பழைய 948 சிசி எஞ்சினில் முன்புறத்தில் மட்டும்தான் புஷ் உண்டு. நடுவிலும் பின்னாலும் கேம்ஷாஃப்ட் நேரடியாக வார்ப்பிரும்பிலேயே சுழல்கிறது. அவையும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்களுடையதில் மூன்றுமே புஷ். உருக்கு முதுகில் வைற் மெற்றல் என்ற மென்மையான உலோகம் பூசியவை. மூன்றும் மூன்று அளவு. முன்னால் 42.3 மில்லிமீற்றர், நடுவில் 41.2, பின்னால் 34.9 அளவில், புஷ்களுக்குள் சுழலும் கேம்ஷாஃப்டின் கழுத்துகள் இருக்கின்றன. முன்பக்கமாகத்தான் அதை உள்ளே செருக முடியும். பின்கழுத்து முதல் இரண்டு புஷ்களையும் தாண்டிப் போக வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் இந்தப் படிக்கட்டு. முதன்முதல் இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்திலும் நான் கண்டதில்லை.

பல வருடம் துருவில் கிடந்த எஞ்சின் என்பதால் புஷ்கள் அரித்திருந்தன. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த தங்கை புதிய தொகுதி ஒன்றைச் சேலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தாள். மெக்கானிக் அவற்றை ஒரு குழாய்த் துண்டை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார். கேம்ஷாஃப்டைச் செருகியபோது பாதியில் இறுகி நின்றது. மரச்சுத்தியலால் தட்டினார். போனது. ஸ்பனர் போட்டுத் திருப்பினால்தான் சுற்றியது. "புதுசுதானே ரீச்சர், ஓடினால் இளகும்" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

அவர் அனுபவமில்லாதவர் அல்லர். முப்பது வருடமாகக் கராஜ் நடத்துகிறவர், என் கண் முன்னாலேயே கிளட்ச் ஒன்றை ஒரு மணித்தியாலத்தில் மாற்றியவர். "அந்தக் காலத்துக் கைகள்" என்று உருகுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். இவருடையதும் அந்தக் காலத்துக் கைதான்.

அணைகிற விளக்கு

திவசத்தன்று கார் ஓடியது. அம்மா முன் இருக்கையில் ஏறி, கோணேசர் கோயிலடிவரை போக வேண்டும் என்றார். கோட்டை வாசலில் மான்கள் வழிவிடும்வரை காத்திருந்தபோது எஞ்சினின் மேலிருந்து ஒரு தட்டல் கேட்டது. தையல் மெஷினின் ஓசை போல, சீராக. வால்வு இடைவெளியைச் சரிபார்க்கலாம் என்றார் மெக்கானிக். எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.012 அங்குலம். சரிசெய்தார். இரண்டு வாரத்தில் மறுபடி தட்டியது. மறுபடி சரிசெய்தார். நான்கு மாதம் இப்படியே ஓடியது. நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுப் பாலம் ஏறும்போது தட்டல் எனக்குள்ளேயே கேட்க ஆரம்பித்திருந்தது.

ஒவ்வொரு முறையும் நான் பார்த்தது எண்ணெய் விளக்கைத்தான். மைனரில் எண்ணெய் அழுத்தமானி கிடையாது. வேகமானியின் முகத்திலேயே ஒரு சின்ன விளக்கு. எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும். அது அணைந்தது, ஒவ்வொரு முறையும், உடனே. அதனால் எண்ணெய் விஷயத்தில் குறையில்லை என்று இருவருமே தீர்மானித்திருந்தோம்.

இங்கேதான் படிப்பிக்கிறவளுக்கு வெட்கம். அந்த விளக்கின் சுவிட்ச் பிரதான பாதையின் அழுத்தத்தை மட்டும்தான் அறியும். அதிலிருந்து பிரிந்து, முன்புறக் கேம் புஷ் வழியாக, மேலே வால்வுகளை அழுத்தும் ரொக்கர்களுக்குப் போகும் கிளையில் எண்ணெய் போகிறதா என்று அதற்குத் தெரியாது. வீட்டில் நான்கு குழாய் திறந்திருக்கும்போது ஒன்றை மூடினால் மற்ற மூன்றிலும் வேகம் கூடுமே ஒழியக் குறையாது. அந்த நெல்மணி என் விளக்கை இன்னும் திடமாக அணைத்து வைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதை விளக்கிவிடுவேன். எனக்கு விளக்க ஆள் வேண்டியிருந்தது.

பாலையூற்று

அந்த ஆள் பாலையூற்றில் லேத் பட்டறை வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர். தகப்பனார் பிரித்தானியரின் டொக்யார்ட்டில் பொருத்துநராக வேலைசெய்தவர். 1957இல் கடற்படைத்தளம் கைமாறியபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த மரப்பெட்டியிலுள்ள அங்குலக் கணிச்சிகளை மகன் இன்றும் மான்தோலால் துடைத்து வைக்கிறார். ஆயிரத்தில் ஓர் அங்குலத்தை அவர் "தௌ" என்பார். நான் அவரை ஐயா என்கிறேன். அவர் என்னை ரீச்சர் என்கிறார். அதற்குமேல் பேச்சு நீளாத மனிதர்.

தட்டலைக் கேட்டார். ரொக்கர் மூடியின் இரண்டு நட்டுகளையும் கழற்றித் தூக்கி வைத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிடச் சொன்னார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ரொக்கர்கள் எட்டும் காய்ந்த உதடுபோல் இருந்தன. அணைத்துவிட்டு ரொக்கர் கூட்டத்தையே கழற்றினார். தண்டின் அடிப்பக்கம் முழுவதும் விரல்நகத்தில் தட்டுப்படும் வரிகள். முன் தாங்கியில் எண்ணெய் ஏறும் துவாரத்துக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார்; அடைப்பு இல்லை. எண்ணெய்க் குப்பியின் மூக்கை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை; விரலை எடுத்ததும் அவர் சட்டையிலேயே பீச்சியது. "கீழே ஏதோ மூடியிருக்கிறது" என்றார். அவ்வளவுதான். எஞ்சினை இறக்கவும் எல்லாவற்றையும் கழற்றவும் நான்கு நாள் எடுத்தது.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே போனேன். வெறும் புளொக். என் கையில் மறுபடியும் கைபேசி வெளிச்சம். ஐயா தன் சுட்டுவிரலால் முன் புஷ்ஷின் உள்ளே காட்டினார்.

"ரீச்சர், இதைப் பாருங்கள்."

"ஓம் ஐயா. அடித்த அன்றே பார்த்தேன்."

அவர் விரலை எடுக்கவில்லை. "பார்த்தீர்களா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிறகு?" என்றார்.

குற்றம்சாட்டும் குரல் அல்ல அது. துரு எப்போது பிடித்தது, எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேட்பாரே, அதே குரல். தரவு கேட்டார். என்னிடம் தரவு இல்லை. லேத்தின் பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் "பிறகு"வுக்கான பதிலை மூன்று மாதமாகத் தேடுகிறேன். முதலில் கிடைத்த பதில் வசதியானது: ஒரு கராஜில் ஒரு பெண் எவ்வளவுதான் வாதாட முடியும்? அது உண்மைதான். அங்கே உதவிக்கு நின்ற பையன் நான் வாய் திறக்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். அப்படியானால் பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகியதற்கு ஒப்பந்தக்காரரை மூன்று முறை திருப்பி அழைத்தவள் யார்? அங்கேயும் நான் பெண்தான். இரண்டாவது பதில், எனக்குத் துறை அறிவு இல்லை என்பது. அதுவும் நிற்கவில்லை, துளை பொருந்தவில்லை என்பதைக் காண எந்தத் துறை அறிவும் வேண்டாம், கண் போதும். மூன்றாவதுதான் கசப்பானது. உள்ளே அடித்து இறக்கிய புஷ்ஷைப் பழுதில்லாமல் வெளியே எடுக்க முடியாது. அவர் "ஓம், பிழைதான்" என்று சொல்லியிருந்தால் தங்கை இன்னொரு தொகுதி அனுப்ப வேண்டும், ஆறு வாரம், திவசம் தவறும். கேள்வியைக் கேட்கும்போதே எனக்கு வேண்டிய பதிலை நான் தெரிவு செய்து வைத்திருந்தேன். அவர் அதைத் தந்தார். எண்ணெய் தன் வழியைத் தேடிக்கொள்ளும் என்பது அவர் சொன்ன பொய் என்பதைவிட, நான் விலைக்கு வாங்கிய ஆறுதல் என்பதே சரி.

விலையைக் கணக்குப் பார்த்தால் ரொக்கர் தண்டு, எட்டு ரொக்கர் புஷ்கள், வால்வைத் தள்ளும் முட்டையொன்று தேய்ந்துபோன கேம்ஷாஃப்ட். எல்லாத் தேய்வையும் அந்தத் துளையின் தலையில் கட்ட மாட்டேன்; கேம்ஷாஃப்டின் முட்டை அப்பா காலத்திலேயே தேய ஆரம்பித்திருக்க வேண்டும்.

அப்பாவின் கேம்ஷாஃப்ட்

புதுத் தொகுதியும் இன்னொரு கேம்ஷாஃப்டும் வந்து சேர்ந்தபோது வடகீழ்ப் பருவமழை பிடித்திருந்தது. துறைமுகக் காற்றில் வார்ப்பிரும்பு ஓர் இரவில் செம்மஞ்சளாகிவிடும். ஐயா புளொக் முழுவதையும் எண்ணெய்த் துணியால் குழந்தைபோல் சுற்றி வைத்திருந்தார். இந்த முறை சுத்தியல் இல்லை. படிப்படியான ஓர் உருளையை லேத்தில் கடைந்து, நீள மரைக்கம்பியில் கோத்து, மறுமுனையில் நட்டைத் திருகித் திருகிப் புஷ்ஷை உள்ளே இழுத்தார். இழுக்கும் முன்பே புளொக்கின் முகத்தில் துளைக்கு நேரே ஊசியால் ஒரு கோடு. புஷ்ஷின் விளிம்பில் ஒரு கோடு. நட்டின் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் நிறுத்திக் கோட்டைப் பார்த்தார். கடைசியில் துளை விட்டத்துக்குச் சரியான ஒரு துரப்பண ஊசியின் வால்பக்கத்தை வெளியிலிருந்து செருகினார். உரசாமல் போய்வந்தது. நான் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தேன். வட்டம்.

மூன்று புஷ்களும் இறங்கின. துளைகள் எல்லாம் நேர். ஆனாலும் புதிய கேம்ஷாஃப்ட் நடுவில் இறுகியது. எனக்கு வயிறு கலங்கியது. அவர் அதை எதிர்பார்த்திருந்தார். புளொக்கின் துளைக்குள் நெருக்கி இழுக்கப்படும்போது புஷ் உள்நோக்கிச் சுருங்கும்; ஆகவே கையில் வைத்து அளந்த அளவு உள்ளே போனபின் இருக்காது. அதோடு, தனித்தனியே மூன்றும் சரியாக இருந்தாலும் ஒரே கோட்டில் நின்றாக வேண்டும். இந்த எஞ்சினுக்கான கைநூல் புஷ்ஷைப் பொருத்திய பின்பே ரீம் செய்ய, அதாவது உள்வட்டத்தைச் சரியான அளவுக்குச் சுரண்டி எடுக்க, சொல்கிறது. கழுத்துக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி ஒன்றிலிருந்து இரண்டு தௌ. மில்லிமீற்றரில் 0.025 தொடக்கம் 0.05. கொப்பித் தாளின் தடிப்புக்கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் எண்ணெய் ஒரு படலமாக நின்று இரும்பைத் தூக்கிப் பிடிக்கிறது.

இந்த எஞ்சினுக்கான ரீமர் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. ஐயா மூலையில் கிடந்த அப்பாவின் பழைய கேம்ஷாஃப்டை எடுத்தார். முட்டைதான் தேய்ந்திருந்தது, கழுத்துகள் மூன்றையும் கணிச்சி வைத்து அளந்து, தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இதை வெட்டலாமா ரீச்சர்?" என்று கேட்டார். கேட்டுத்தான் வெட்டினார். ஒவ்வொரு கழுத்திலும் சாய்வாக ஒரு காடி. காடியின் ஓரம் கூராக நின்றது. எண்ணெய் பூசி உள்ளே செருகிக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். மூன்று கழுத்தும் ஒரே தண்டில் இருப்பதால் எது கோட்டை விட்டு மேடாக நிற்கிறதோ அதை மட்டும் சுரண்டியது. வெளியே எடுத்தபோது காடியில் வெள்ளித் தூள், விபூதிபோல். துடைத்து, அளந்து, மறுபடி செருகி, மறுபடி அளந்து, ஒரு பின்னேரம் முழுவதும் இதுவே. நான் அளவுகளை எழுதினேன். பதினொரு வாசிப்பு. ஒருமுறை நான் 1.6672 அங்குலம் என்று எழுதியதை எட்டிப் பார்த்து, "பூச்சியம் பார்த்தீர்களா?" என்றார். பார்க்கவில்லை.

பிறகு கழுவல். புளொக்கின் எண்ணெய்ப் பாதைகளை அடைத்திருந்த பித்தளை ஆணிகளைக்கூடக் கழற்றி, மண்ணெண்ணெயும் காற்றும் மாறி மாறி விட்டார். அந்தத் தூளில் ஒரு துளி எங்கேயாவது தங்கினால் செய்ததெல்லாம் வீண். புதிய கேம்ஷாஃப்டைச் செருகும் வேலையை என்னிடம் தந்தார். முட்டைகளின் கூர் புது வைற் மெற்றலைக் கீறிவிடாமல் நேராகத் தாங்கிக்கொண்டு, சுற்றிச் சுற்றி உள்ளே விட வேண்டும். மூன்று கழுத்தும் ஒரே கணத்தில் தத்தம் இடத்தில் அமரும்போது கையில் ஒரு சின்ன உறிஞ்சல் தெரிந்தது. இரண்டு விரலால் திருப்பினேன். விட்ட பிறகும் கால் சுற்று ஓடியது.

எஞ்சினைக் காரில் ஏற்றியபின் பிளக்குகளைப் பூட்டாமல், ரொக்கர் மூடியும் போடாமல், ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். பத்து விநாடி. ஒன்றுமில்லை. ஆறவிட்டு மறுபடி. முன் தாங்கியின் அடியில் ஒரு கருமை கசிந்தது. முதல் ரொக்கரின் தோளில் எண்ணெய் முட்டி நின்று, வழிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. எட்டாவதில் முட்டும்வரை ஐயா வாயைத் திறக்கவில்லை. பிறகு மூடியைத் தந்து, பூட்டச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

போன வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் பழைய கராஜைத் தாண்ட வேண்டியிருந்தது. மெக்கானிக் வெளியில் நின்று கையைக் காட்டினார். நிறுத்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பாலையூற்றிலிருந்து பலமுறை ஒத்திகை பார்த்தவள் நான். அவர் முன்மூடியில் கையை ஊன்றி, தலையைச் சாய்த்து, எஞ்சினின் ஓசையை உண்மையான பிரியத்தோடு கேட்டார்.

"தட்டல் போய்விட்டதே ரீச்சர்" என்றார். "நான் சொன்னேன்தானே, ஓடினால் இளகும் என்று."

"ஓம்" என்றேன். பின்னால் ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்தது. முதலாம் கியரைப் போட்டேன்.